தாஹர் பார்வையிட்ட ஆலை

மன்ஸில் துர்ரா என்ற ஊரின் தொழிலாளர் ஆய்வு அலுவலகத்தில் ஐந்து நாற்காலிகள் இருந்தன. இரண்டில்தான் ஆள் உட்கார்ந்தது. ஒன்றில் அலுவலகத் தலைவர் முன்ஜி, ஊர் வழக்கில் மரியாதையாக 'ஸி முன்ஜி'; இன்னொன்றில் ஆய்வாளர் ராதியா, அதே மரியாதையில் 'லெல்லா ராதியா'. மூன்றாவது நாற்காலிக்காரர் தலைநகரில் யாரோ பெரிய மனிதரின் அறைக்குக் கோப்பு தூக்கப் போனவர், போனவர்தான். நான்காமவர் ஓய்வுபெற்று, மீன் சந்தைக்கு எதிரே காப்பிக்கடை வைத்து, சர்க்கரை வியாதியோடு சுகமாக இருந்தார். ஐந்தாவது தாஹர். அவர் இறந்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது.

தலைநகருக்குப் போகும் அறிக்கையில் மட்டும் ஐந்து பேரும் நல்ல உடல்நலத்தோடு வேலை பார்த்தார்கள். அதற்கு முன்ஜி ஒரு நியாயம் வைத்திருந்தார். காலியிடம் என்று எழுதினால் ஆள் அனுப்ப மாட்டார்கள், இடத்தையே எடுத்துவிடுவார்கள். அப்புறம் அலுவலகத்தையே மூடிவிட்டுப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார்கள். ஆகவே ஐந்து என்று எழுத வேண்டும். ஐந்து என்று எழுதினால் ஐந்து பேருக்கான ஆய்வுக் கணக்கும் காட்ட வேண்டும். அதற்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை கதவைச் சாத்திக்கொண்டு, புதினா டீயை வரவழைத்து வைத்துக்கொண்டு, ஊரிலுள்ள ஆலைகளைப் பங்கு பிரிப்பார்.

"ராதியா, உனக்குப் பதினாலு. எனக்குப் பத்து. காப்பிக்கடைக்காரனுக்கும் தலைநகரம் போனவனுக்கும் ஆளுக்கு ஒன்பது. தாஹருக்கு, அல்லா ரஹ்மத் செய்யட்டும், எட்டு."

"எட்டா? பாவம், ஸி முன்ஜி. செத்த மனுஷனை இப்படியா அலைய விடுவீங்க?"

"உயிரோட இருந்தப்ப பன்னெண்டு பண்ணுவான். பாத்து குறைச்சுத்தான் குடுத்திருக்கேன்."

ராதியா சிரித்தாள். அவளுக்கு அப்போது சிரிக்க முடிந்தது. தாஹரின் பெயர் வரும்போதெல்லாம் முன்ஜி அந்த 'அல்லா ரஹ்மத் செய்யட்டும்' என்பதைச் சொல்லாமல் அடுத்த சொல்லுக்குப் போனதே இல்லை. இறந்தவருக்கு மட்டுமே சொல்லும் பிரார்த்தனை அது; அந்த ஊரில் இறந்தவர் பெயரைச் சொன்னாலும் கேட்டாலும் யாருடைய வாயும் சும்மா இருக்காது. முன்ஜிக்கோ தாஹர் முப்பது வருடச் சிநேகிதர். டெலிபோனில் பேசும்போதுகூடச் சொல்லிவிடுவார். சொல்லிவிட்டு, இறந்தவர் பெயரில் 'குறிப்பிடத்தக்க குறை எதுவும் காணப்படவில்லை' என்று எழுதி, அவர் பாணியிலேயே கையெழுத்தும் போட்டு, சட்டப்படி ஆலைக்கு ஒரு நகலும் அனுப்புவார். சட்டத்தில் அந்த ஒரு வரியை மட்டும் அவர் மீறியதே இல்லை.

போன செப்டம்பரில் தாஹரின் பங்குக்கு விழுந்த எட்டில் ஒன்று, ஹாஜ் லமீனின் மிளகாய் ஆலை.

நவம்பர் கடைசியில், மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், மப்ரூக்கா வந்தாள். நாற்பது வயது இருக்கும். தலையில் பூப்போட்ட துணி, காலில் ரப்பர் செருப்பு. வலது கை முழுக்கத் துணி சுற்றியிருந்தது. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"இன்ஸ்பெக்டர் தாஹரைப் பாக்கணும்" என்றாள்.

முன்ஜி கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "அவர் இல்லை" என்றார். உதடு மட்டும் அசைந்து அடங்கியது.

"எப்ப வருவாரு?"

முன்ஜி கோப்பில் ஒரு பக்கத்தைப் புரட்டினார். ராதியாதான் எழுந்து அவளை வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள்.

"என்ன விஷயம், சொல்லு."

"என் பேரு மப்ரூக்கா. ஹாஜ் லமீன் ஆலையில எட்டு வருஷமா மிளகாய் அரைக்கிறேன், லெல்லா. அரவை மிஷினுக்கு மூடி கிடையாது. இருந்துச்சு, அடைச்சுக்குதுன்னு கழட்டிட்டாங்க. அக்டோபர்ல கையை இழுத்துக்கிச்சு." துணியை அவிழ்த்தாள். மூன்று விரல்கள் இல்லை. "அதுக்குக்கூட நான் அழலை. இப்ப கோர்ட்டுல சொல்றாங்க, நான் அங்க வேலையே பாக்கலையாம். மிளகாய் திருட சுவரேறிக் குதிச்சேனாம். மிஷினைத் தொட்டது என் குத்தமாம்."

"திருடவா?"

"ஆமா. எட்டு வருஷம் தினமும் போய்த் திருடியிருக்கேன் போல. நல்ல உழைப்பாளித் திருடி." அவள் சிரிக்கவில்லை. "அவங்க வக்கீல் ஒரு காயிதத்தை நீட்டுறான். இன்ஸ்பெக்டர் தாஹர் செப்டம்பர்ல நேர்ல வந்து பாத்தாராம். ஆளுங்க எல்லாம் பதிவுல இருக்காங்களாம், மிஷினுக்கு மூடி இருக்காம். செப்டம்பர் பூரா நான் அந்த மிஷின் கிட்டதான் நின்னேன். ஒருத்தரும் வரலை. அந்த மனுஷனை ஒரே ஒரு தடவை என் முகத்தைப் பாத்து சொல்லச் சொல்லுங்க. அது போதும்."

ராதியாவுக்கு முகம் சுட்டது. மூன்று மாதத்துக்கு முன் அந்த எட்டைக் கேட்டுச் சிரித்த வாய் இதே வாய்தான்.

"அவரால வர முடியாது மப்ரூக்கா. அவர் செத்து ரெண்டு வருஷமாச்சு."

மப்ரூக்கா இடது கையால் துணியைத் திரும்பச் சுற்ற ஆரம்பித்தாள். ராதியா உதவப் போனாள். மப்ரூக்கா அவள் கையைத் தள்ளிவிட்டாள்.

"அல்லா ரஹ்மத் செய்யட்டும்" என்றாள். "செத்தவருக்கு உங்க ஆபீஸ்ல வேலை இருக்கு. உசுரோட இருக்கிற எனக்கு அந்த ஆலையில வேலையே இருந்ததில்லையாம். நல்லா இருக்கு லெல்லா உங்க கணக்கு."

சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனாள்.

அன்று மத்தியானம் ராதியாவுக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்தது. ஆனால் இத்தனை வருடமும் அந்தக் கோபம் பியூனோடும் டெலிபோன் கம்பெனியோடும் நின்றுவிட்டது. இன்றுதான் அதற்குச் சரியான விலாசம் கிடைத்தது.

ஆலைக்கு நேரில் போய்ப் பார்ப்பதென்று முடிவு செய்தாள். கேட்கச் சின்ன விஷயமாகத்தான் இருக்கும். அலுவலகத்தின் கார் நான்கு வருடமாகக் கொல்லையில் செங்கல் மேல் நின்றது, பின் இருக்கையில் ஒரு பூனை குடும்பம் நடத்தியது. ஆகவே மன்ஸில் துர்ராவில் ஆய்வு நடக்கும் முறை இதுதான்: ஆய்வாளர் ஆலைக்குப் போன் செய்வார், முதலாளி தன் காரை அனுப்புவார். ஹாஜ் லமீனுடையது வெள்ளைக் கார், உள்ளே குளுகுளுவென்று இருக்கும். வாசலில் டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடிப்பான். அது கதவைத் திறக்க என்றுதான் ராதியாவும் நினைத்திருந்தாள். பதிவில் இல்லாத பெண்கள் பின்வாசல் வழியாகக் கள்ளி முள்காட்டுக்குள் போக என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. திரும்பும்போது மடியில் ஆறு டப்பா ஹரீஸா, அந்த ஊர் மிளகாய் விழுது, இருக்கும். அந்தக் காரத்தைத் தொட்டுத் தொட்டுத்தான் அந்த அலுவலகம் இத்தனை வருடம் ரொட்டி தின்றது.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக ராதியா புறவழிச் சாலை முக்கில் போய் நின்றாள். ஆலைப் பெண்களை ஏற்றிப்போகும் திறந்த வண்டி அங்கேதான் வரும். ஏற்கெனவே பத்துப் பதினைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். ஆபீஸ் கோட்டும் தோல் பையுமாக ஒருத்தி வந்து நிற்பதைப் பார்த்து ஒருத்தி இன்னொருத்தியை இடித்தாள்.

"யாருடி இது, பேங்க்கா?"

"பேங்க்கு நம்ம வண்டியில ஏறுமா? புருஷனோட சண்டை போட்டிருக்கும்."

"இன்ஸ்பெக்டர்" என்றாள் ராதியா. "தொழிலாளர் ஆபீஸ்."

கூட்டத்திலேயே மூத்தவள் அவளை மேலும் கீழும் அளந்தாள். பெயர் தூனிஸா.

"இன்ஸ்பெக்டர்னா வெள்ளைக் கார்ல வருவாங்க. நாங்க முள்ளுல போய்க் குந்துவோம். நீ என்ன புது தினுசா இருக்க?"

"இன்னிக்கு யாரும் முள்ளுல குந்த வேண்டாம்."

"அப்புறம் நாளைக்கு எங்களைத் துரத்திட்டான்னா?"

ராதியா பொய் சொல்லவில்லை. "துரத்தலாம். துரத்தினா நானும் சும்மா இருக்க மாட்டேன். மப்ரூக்காவைத் திருடின்னு கோர்ட்டுல சொல்லியிருக்காங்க. அது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது போலிருந்தது. தூனிஸாவின் முகம் மாறியது. ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். ஹாஜ் லமீனின் தாடியைப் பற்றியது, இங்கே எழுத முடியாது. வண்டி வந்ததும் முதலில் ஏறி, ராதியாவுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

"என் இடுப்பைப் பிடிச்சுக்க. வளைவுல விட்டுறாத, போன வருஷம் ஒருத்தி விழுந்தா."

உட்கார இடமில்லை. தரையில் தண்ணீர் ஊற்றிவிட்டிருந்தான் டிரைவர், யாரும் உட்கார்ந்து இடத்தை அடைக்கக்கூடாதென்று. நின்றபடியே போனார்கள். குளிர்காற்று கோட்டைத் துளைத்தது. வளைவில் மொத்தக் கூட்டமும் ஒரு பக்கம் சாய, ராதியா தூனிஸாவின் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடமாக 'போக்குவரத்து: திருப்திகரம்' என்று தான் எழுதிய வரி ஞாபகம் வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

வாசலில் ஹாரன் சத்தம் கேட்கவில்லை. காவலாளி தலையைக்கூடத் திருப்பவில்லை. வண்டி உள்ளே போனது, பெண்கள் இறங்கினார்கள், அவர்களோடு இன்ஸ்பெக்டரும் இறங்கி நேராக அரவைக் கூடத்துக்குப் போனாள். மிளகாய் நெடி மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் கொட்டியது. அரவை இயந்திரம் வாயைப் பிளந்துகொண்டு ஓடியது. மப்ரூக்காவின் இடத்தில் இன்னொருத்தி நின்று கையால் மிளகாயைத் தள்ளிக்கொண்டிருந்தாள். மூடி மூலையில் கிடந்தது, அதன்மேல் யாரோ டீ கிளாஸை வைத்திருந்தார்கள்.

ராதியா படம் எடுத்தாள். பெண்களிடம் பெயர் கேட்டாள். முதலில் எல்லாரும் ஹாஜின் அறைப் பக்கம் பார்த்தார்கள். தூனிஸா முன்னால் வந்து, தன் பெயர், தகப்பன் பெயர், வேலைக்குச் சேர்ந்த வருடம் எல்லாம் உரத்துச் சொன்னாள். சொல்லிவிட்டு, "மப்ரூக்காவும் நானும் ஒரே நாள்ல சேர்ந்தோம். அதையும் எழுதிக்க" என்றாள். அப்புறம் ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள்.

ஹாஜ் லமீன் செருப்பைச் சரியாக மாட்டாமல் ஓடிவந்தார்.

"லெல்லா ராதியா! சொல்லாம கொள்ளாம... ஒரு போன் பண்ணியிருந்தா கார் அனுப்பியிருப்பேனே. எதுல வந்தீங்க?"

"உங்க வண்டியிலதான் வந்தேன் ஹாஜ். நின்னுகிட்டே வந்தேன். நல்ல வசதி."

பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பியது. ஹாஜ் லமீன் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு நிற்கவில்லை.

ராதியா எழுதிய அறிக்கையை முன்ஜி இரண்டு முறை படித்தார். பிறகு மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார்.

"ஒரே ஆலைக்கு ரெண்டு அறிக்கை. ஒண்ணுல மூடி இருக்கு, ஒண்ணுல இல்ல. தலைநகரத்துல கேப்பாங்க, எது பொய்னு."

"செத்தவர் எழுதினது பொய்னு சொல்லுங்க."

"தாஹரை, அல்லா ரஹ்மத் செய்யட்டும், பொய்யன்னு சொல்லுவியா நீ?"

"அவர் ஒரு பொய்யும் சொல்லலை ஸி முன்ஜி. கபருல படுத்திருக்கார். அவர் பேரைச் சொல்லி அந்தப் பொம்பளையைத் திருடியாக்கினது நாம. அவர் உயிரோட இருந்தா உங்களைச் சும்மா விட்டிருப்பாரா?"

முன்ஜியின் காது சிவந்தது. "அஞ்சு இடமும் போயிடும் ராதியா. அலுவலகமே போயிடும். அப்புறம் இந்த ஊர்ல ஒரு இன்ஸ்பெக்டர்கூட இருக்க மாட்டான்."

"இப்ப மட்டும் இருக்கானா?"

"கோர்ட்டுல நீ வாயைத் திறக்கக்கூடாது. என் எழுத்து அனுமதி இல்லாம ஆய்வாளர் சாட்சி சொல்ல முடியாது. சட்டம் உனக்குத் தெரியும். மீறினா பாலைவனத்துப் பக்கம் எங்கேயாவது தூக்கிப் போட்டுருவாங்க. நானே எழுதி அனுப்புவேன்."

"அனுப்புங்க. அங்கேயாவது கார் இருக்கான்னு பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கதவை அறைந்துவிட்டுப் போனாள்.

வழக்கு அடுத்த முறை வந்தபோது, இன்ஸ்பெக்டர் இறந்துவிட்டார் என்று மப்ரூக்கா சொன்னாள். நகராட்சியில் வாங்கிய இறப்புச் சான்றிதழையும் நீட்டினாள். ஆலை வக்கீல் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, இந்த ஊரில் தாஹர் பின் ரமதான்கள் எத்தனை பேர், இது எந்தத் தாஹரோ என்றார். பிறகு அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தைக் காட்டினார். ஆய்வாளர் தாஹர் பணியில் இருக்கிறார், தற்சமயம் வெளியூர்ப் பயணத்தில் இருக்கிறார் என்று முன்ஜி எழுதியிருந்தார். அரசாங்கத்தின் சொல் பெரிதா, சுவரேறிக் குதித்தவளின் சொல் பெரிதா என்று வக்கீல் கேட்டார். அறிக்கை எழுதியவரை நேரில் கூப்பிட வேண்டும் என்று மப்ரூக்கா பிடிவாதம் பிடித்தாள். அப்படிக் கேட்கச் சொன்னது ராதியா. நீதிபதி தாஹருக்குச் சம்மன் போட்டார். அவர் வராவிட்டால் அலுவலகத் தலைவரே வந்து எங்கே என்று சொல்லட்டும் என்றார்.

"இந்தத் தடவையும் அதையேதான் சொல்லுவாங்க லெல்லா" என்றாள் மப்ரூக்கா, நீதிமன்ற வாசலில் நின்று. ஜனவரி மாதம். எதிரே கொண்டைக்கடலை சூப் விற்பவனின் அண்டாவிலிருந்து ஆவி எழும்பியது. "உங்க பெரியவரு வந்து பயணம் போயிருக்காருன்னு சத்தியம் பண்ணுவாரு."

"பண்ண மாட்டார். அவரால முடியாது."

"எப்படிச் சொல்றீங்க?"

"பன்னெண்டு வருஷமா அவர் எதிர்ல உக்காந்திருக்கேன்."

ராதியா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். பார்வையாளர் பெஞ்சில் மப்ரூக்காவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். பின்னால் தூனிஸாவும் நான்கைந்து ஆலைப் பெண்களும் இருந்தார்கள், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு. எதிர்ப்பக்கம் ஹாஜ் லமீன், வக்கீல், அவர்களுக்கு நடுவில் கழுத்துப்பட்டை கட்டிய முன்ஜி. ராதியாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அங்கே சாட்சியை அழைப்பதற்கு ஒரு முறை இருந்தது. சேவகன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளுக்கும் வராந்தாவுக்கும் கேட்கிற மாதிரி மூன்று தடவை கூப்பிடுவான். அன்றைய சேவகனுக்கு நல்ல தொண்டை.

"தாஹர் பின் ரமதான்!"

முன்ஜி உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டார். ராதியா அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மனிதர் இன்றைக்கென்று வாயைக் கட்டிவிட்டால், மப்ரூக்கா ஊருக்கு முன் திருடியாகவே வீட்டுக்குப் போவாள்.

"தாஹர் பின் ரமதான்!"

முன்ஜி இருமினார். கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். வக்கீல் அவர் தொடையைத் தட்டிக்கொடுத்தார்.

சேவகன் மூச்சை இழுத்துக்கொண்டு, கடைசித் தடவை என்பதால் நீட்டி முழக்கினான்.

"இன்ஸ்பெக்டர் தாஹர் பின் ரமதா...ன்!"

"அல்லா ரஹ்மத் செய்யட்டும்" என்றார் முன்ஜி.

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் கூடம் அமைதியாக இருந்தது. பின் பெஞ்சுகளில் வேறு வேறு வழக்குக்காக வந்து காத்திருந்தவர்கள், யார் எவர் என்று தெரியாமலே, பழக்கத்தில் "ஆமீன்" என்றார்கள். கதவருகே நின்ற சேவகனும் சொன்னான். சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டான்.

நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"யாருக்காக அந்தப் பிரார்த்தனை?"

முன்ஜி எழுந்து நின்றார். வக்கீல் அவர் கோட்டை இழுத்தார். முன்ஜி அதை விடுவித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"என் சிநேகிதனுக்கு ஐயா."

"எப்போது காலமானார்?"

"ரெண்டு வருஷமாச்சு. நான்தான் கபருல இறக்கினேன்."

"அப்படியானால் போன செப்டம்பரில் ஆலையைப் பார்வையிட்டது யார்?"

"யாருமில்லை. நான் மேசையில உக்காந்து எழுதினேன்." பிறகு, யாரும் கேட்காமலே, ராதியா இருந்த பக்கம் கையைக் காட்டினார். "நேர்ல போய்ப் பாத்தது அந்தம்மா. அவங்க அறிக்கை என் இழுப்பறையில இருக்கு. பூட்டி வெச்சிருக்கேன்."

மப்ரூக்கா எழுந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை, ஆனாலும் எழுந்து, அன்று துணி சுற்றாத வலது கையை நீதிபதி பார்க்கிற மாதிரி உயர்த்திப் பிடித்தாள்.

"நான் திருடியில்லை" என்றாள். "என்னை அந்த மிஷின்கிட்ட நிக்க வெச்சது இவங்க. எழுதிக்குங்க ஐயா."

நீதிபதி எழுதச் சொன்னார். எழுத்தர் எழுதி முடிக்கும் வரை மப்ரூக்கா கையை இறக்கவில்லை.

அன்றைக்கே இழுப்பறை திறந்தது. தீர்ப்பு பிப்ரவரியில் வந்தது. மப்ரூக்கா எட்டு வருடம் ஆலையில் வேலை பார்த்தவள் என்று அதில் முதல் வரியிலேயே இருந்தது. மற்ற பெண்களின் பெயர்களும் ஒவ்வொன்றாகப் பதிவேறின. ஹாஜ் லமீன் மூடியை மாட்டினார், மாட்டிவிட்டு ஊர் முழுக்க ராதியாவைத் திட்டினார்.

சாட்சி சொன்ன அன்றைக்கே, நீதிமன்ற வராந்தாவில் வைத்து முன்ஜி அவளிடம் கேட்டார்.

"தெரிஞ்சேதானே அவன் பேரைக் கூப்பிட வெச்ச?"

"ஆமா. தெரிஞ்சேதான் பண்ணினேன்."

"முப்பது வருஷம்... பேரைக் கேட்டா வாய் சும்மா இருக்குமா?"

"இருக்கக்கூடாது ஸி முன்ஜி. அதை நம்பித்தான் வந்தேன்."

முன்ஜி தன் மேல் வரப்போகிற விசாரணைக்காகக் காத்துக்கொண்டு வீட்டில் இருந்தார். ஆகவே அந்த வருட அறிக்கையை ராதியாதான் எழுதினாள். பணியில் இருப்போர்: ஒருவர். நடந்த ஆய்வு: ஒன்று. மற்றவை ஆய்வு என்று சொல்லத் தக்கவை அல்ல. வாகனம் இல்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

ஒரு வாரத்தில் தலைநகரிலிருந்து போன் வந்தது. குரல் இளையது, பதற்றமானது.

"மேடம், உங்க எண்ணிக்கை போன வருஷத்தோட ஒத்துப்போகலை. இந்தக் கணக்கை வெளிநாட்டு அமைப்புகளுக்கு வேற அனுப்பணும். அஞ்சு பேர் எப்படி ஒருத்தராச்சு? மத்தவங்க எங்கே போனாங்க?"

"ஒருத்தர் விசாரணைக்காக வீட்ல இருக்கார். ஒருத்தர் உங்க கட்டடத்துலயே கோப்பு தூக்கறார், எட்டிப் பாருங்க. ஒருத்தர் காப்பிக்கடையில. ஒருத்தர் கபர்ஸ்தான்ல, அல்லா ரஹ்மத் செய்யட்டும்."

"ஆமீன்" என்றது குரல், பழக்கத்தில். பிறகு சுதாரித்துக்கொண்டு, "மேடம், இப்படியெல்லாம் எழுதினா அலுவலகத்தையே மூடச் சொல்லிருவாங்க. கொஞ்சம் திருத்தி..." என்றது.

"திருத்த மாட்டேன். மூடணும்னா இங்க வந்து, அந்தப் பொம்பளைங்க முகத்தைப் பாத்துச் சொல்லிட்டு மூடுங்க."

"நேர்ல வரணுமா?"

"வாங்க. ஆனா வர்றதுக்கு முன்னாடி போன் பண்ணாதீங்க. இங்கேர்ந்து கார் வராது. புறவழிச் சாலை முக்கில வந்து நில்லுங்க, வண்டி வரும். ஏத்திவிட ஆள் இருக்கு."

போனை வைத்துவிட்டு, அடுத்த ஆலைக்குப் போகக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.